கடைக்குள்ளே யாரும் உறவில்லை

போன வாரம் ஜொவிட்டாவைக் கையில் போனோடு மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். அவள் காதலிக்கும் ஸ்டீவின் அம்மா ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டாள். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மர்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். அப்பா லியோனார்ட் "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பிடுங்கி மர்சலின் கேட்ட கேள்விதான் இந்த வாரத்துக் கலகத்துக்கெல்லாம் ஆரம்பம்.

"இதோட வந்த கூப்பன் எங்க?"

இந்தக் குடும்பத்தைப் புதிதாகச் சந்திப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாந்தோமில், உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுகொண்டிருக்கும் ஒரு கட்டடத்தில் முதல் மாடி வீடு. லியோனார்ட் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜொவிட்டா நந்தனத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். பஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பொருளை முழு விலைக்கு வாங்கினால் மர்சலினுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

கூப்பன் என்றால் அவளுக்கு உயிர். கீழ் வீட்டு அஃப்சருன்னிசாவோடு பண்டமாற்றே உண்டு; எண்ணெய்க் கூப்பன் மாடிக்கு வரும், சேமியாக் கூப்பன் கீழே போகும். பரணில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சுவர் மாதிரி அடுக்கியிருக்கிறது. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னான், விட முடியுமா?" என்பாள். அந்தச் சோப்பு தீர்வதற்குள் ஜொவிட்டாவின் பேரப் பிள்ளைகள் பாத்திரம் துலக்க வந்துவிடும்.

இப்போது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கூப்பன் பறக்காதா? 'நிறைகுடம்' சூப்பர் மார்க்கெட்காரர்கள் பேப்பரோடு ஒரு ஆடிக் கூப்பன் வைத்திருந்தார்கள். மளிகை பில்லில் கணிசமாகத் தள்ளுபடி. கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன் மட்டும்.

அந்த எறும்புக்கெல்லாம் மர்சலின் பயப்படுகிறவள் இல்லை; கீழ் வீட்டுப் பண்டமாற்றில் கூப்பன் மூன்றாகியிருந்தது. அவளிடம் அதற்கு எதிராக ஒரு சட்டம் இருந்தது. ஜொவிட்டா பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அமலில் இருக்கிற சட்டம்.

"கடைக்குள்ள நுழைஞ்சா யாரும் யாருக்கும் உறவில்ல."

ஆளுக்கு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு கூப்பன், ஆளுக்கு ஒரு கவுன்ட்டர். கண்ணால் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. வெளியே வந்து தெரு முனை திரும்பிய பிறகுதான் மறுபடி அம்மா, அப்பா, மகள்.

சனிக்கிழமை காலையில் ஜொவிட்டா கெஞ்சிப் பார்த்தாள்.

"இந்த ஒரு வாரம் விட்டுடும்மா. நானே பணம் தர்றேன். ஒழுங்கா ஒரே பில்லா போட்டு வாங்கிக்கலாம்."

"வர்றவங்களுக்கு நெய்யும் முந்திரியும் போட்டு நல்லா செய்யணுமா வேணாமா? அதுக்குத்தான்டி கூப்பனே."

"யாராவது பார்த்தா?"

"யாரு பார்க்கப் போறா? மந்தைவெளிக் கடையில நம்ம மூஞ்சி தெரிஞ்சு போச்சு. அதனாலதான் தி.நகர் கடைக்குப் போறோம்."

தி.நகருக்குப் பக்கத்தில் மேற்கு மாம்பலம் இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில்தான் ஸ்டீவின் வீடு இருக்கிறது என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே உறைக்கவில்லை. ஜொவிட்டாவுக்காவது உறைத்திருக்க வேண்டும். அவள் அந்த வீட்டுக்கு ஒரு முறை போய்க் காபி குடித்துவிட்டு வந்தவள்.

ஆட்டோவில் போகும்போதே மர்சலின் கணவருக்குப் பாடம் எடுத்தாள். இத்தனை நாளும் யார் எங்கே வாங்கினாலும் அவள் மொபைல் நம்பரைத்தான் சொல்ல வேண்டும், பாயின்ட் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பது வழக்கம். இன்றைக்கு மட்டும் அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். ஒரு நம்பருக்கு ஒரு கூப்பன்தான் ஏறும்.

லியோனார்ட் தன் நம்பரைச் செபமாலை சொல்வது போல முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தன் நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நமக்கு நாமே எப்போதாவது போன் பண்ணிக்கொள்கிறோமா?

கடையில் ஆடிக் கூட்டம். மர்சலின் பாசுமதியும் நெய்யும் முந்திரியும் எடுத்துக்கொண்டு முதல் கவுன்ட்டரில் நின்றாள். அவளுக்குப் பக்கத்துக் கவுன்ட்டரில் லியோனார்ட், எண்ணெயும் பருப்புமாக. கடைசிக் கவுன்ட்டரில் ஜொவிட்டா கூடையோடு நின்று, இது சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜொவிட்டாதானே?"

திரும்பினாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஒட்ட வெட்டிய நரைத்த முடி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. லிண்டா. ஸ்டீவின் அம்மா.

கணவர் ஜேக்கப் இறந்த பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, தலைமை நர்ஸாகி, யாரிடமும் கை நீட்டாமல் மகனை வளர்த்தவர் லிண்டா என்பதை முன்பே பார்த்திருக்கிறோம். அவர் முன்னால் நின்றாலே ஜொவிட்டாவுக்குக் காய்ச்சல் பார்க்க வாயைத் திறக்க வேண்டும் போல இருக்கும்.

"ஆண்ட்டி, நீங்க எங்க இங்க?"

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வெறுங்கையோட வர முடியுமா? பழமும் கேக்கும் வாங்கலாம்னு வந்தேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார் லிண்டா. "அம்மா வரலையா?"

முதல் கவுன்ட்டரில் அம்மாவின் முதுகு தெரிந்தது. வெயிலுக்குக் கழுத்தில் போட்ட ஒரு கசங்கிய துண்டு, கையில் வியர்வையில் நனைந்த கூப்பன்.

"இல்ல ஆண்ட்டி. வீட்டுல வேலை."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சட்டப்படி அது சரியான பதில்தான். ஆனால் அதைச் சொல்லும்போது ஜொவிட்டாவுக்குச் சட்டம் ஞாபகத்தில் இல்லை. இந்த அம்மாவை அந்த அம்மாவுக்கு இந்தக் கோலத்தில் காட்ட வேண்டாம் என்பது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

அதே நேரம் பார்த்து நடுக் கவுன்ட்டரில் இருந்த பில் போடும் பெண் ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள்.

"மொபைல் நம்பர் சொல்லுங்க சார்."

லியோனார்ட் கடகடவென்று சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே வந்த நம்பரை இல்லை. பத்து வருஷமாக நாக்கில் ஊறிக் கிடக்கிற மர்சலின் நம்பரை.

"சார், இந்த நம்பர்ல இப்பத்தான் பக்கத்துக் கவுன்ட்டர்ல கூப்பன் போட்டிருக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி லியோனார்ட் நின்றார். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஜோதிலட்சுமி மணியை அழுத்த, மேனேஜர் ஜவஹர் வந்தார். இள வயது, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் காலையிலிருந்து இது எத்தனையாவது பஞ்சாயத்தோ என்கிற அலுப்பு.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா சார்?"

"இல்லப்பா. யாருன்னே தெரியாது," என்றார் லியோனார்ட்.

"அப்ப அவங்க நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. "இதோ வர்றேன்" என்றார் லியோனார்ட். வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே நடந்துவிட்டார்.

மேனேஜர் மர்சலின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க பில்லுல போட்ட கூப்பனையும் எடுத்துடறேன்மா. எனக்கு மேல கேட்பாங்க."

"அவர் யாரோ என் நம்பரைச் சொன்னா அதுக்கு நான் என்னப்பா பண்ணுவேன்?"

வாசலில் நின்ற செக்யூரிட்டி தணிகாசலம் இதுவரை பொறுமையாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உள்ளே வந்தார்.

"சார், மூணு பேரும் ஒரே ஆட்டோல வந்து எறங்கினாங்க. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். தோ, அந்தக் கடைசில நிக்குதே, அந்தப் பொண்ணும் கூடத்தான் வந்துச்சு."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. லிண்டாவும் பார்த்தார். மேனேஜர் ஜவஹர் ஜொவிட்டாவிடம் வந்தார்.

"மேடம், அந்த அம்மா கூட வந்தீங்களா?"

மர்சலின் அங்கிருந்து மகளைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம். பிறகு சட்டப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல," என்றாள் ஜொவிட்டா. "எனக்குத் தெரியாது."

"யாரைப் பார்த்து யாரு கூடன்னு சொல்றது?" என்று லிண்டா செக்யூரிட்டியைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "இது எங்க வீட்டுக்கு வரப் போற பொண்ணு. பொய் சொல்ல வேண்டிய அவசியம் இதுக்கு இல்ல."

தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கூப்பனை எடுத்த பிறகு மர்சலினிடம் பணம் போதவில்லை. தள்ளுபடியை நம்பி எடுத்து வந்த பணம் அது. அவள் அலட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். முதலில் முந்திரி. பிறகு நெய். பாசுமதியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதை மட்டும் மறுபடி உள்ளே வைத்தாள். பின்னால் நின்ற யாரோ "சீக்கிரம்மா" என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

ஜொவிட்டாவின் கைப்பையில் கார்டு இருந்தது. பத்தடி நடந்தால் போதும். கால் வரவில்லை.

லிண்டா நடந்தார். தன் பையிலிருந்து கூப்பனை எடுத்து மர்சலின் முன்னால் வைத்தார்.

"இதை வச்சிக்கோங்க. எனக்கு இன்னிக்குப் பெரிய பில் இல்ல."

"வேணாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல." அந்தக் கவுன்ட்டர் பெண்ணிடம் தன் நம்பரைச் சொன்னார். "அந்த நெய்யையும் முந்திரியையும் உள்ள வைம்மா. ஏதோ விசேஷத்துக்கு வாங்கறாங்கன்னு பார்த்தாலே தெரியுது."

"ஆமாங்க," என்றாள் மர்சலின். "நாளைக்கு வீட்டுக்கு முக்கியமானவங்க வர்றாங்க."

வெளியே வரும்போது லிண்டா ஜொவிட்டாவோடு சேர்ந்து வந்தார். படியில் மர்சலின் இரண்டு கைகளிலும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"பாவம்மா. வீட்டுல ஆள் இருந்தா இப்படித் தனியா நிக்க விடுவாங்களா?" என்றார் லிண்டா. "ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடுத்துட்டு வர்றியா?"

"அவங்க போய்க்குவாங்க ஆண்ட்டி."

லிண்டா அவளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மர்சலின் புடவைகூட மாற்றவில்லை. லியோனார்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடிட்டீங்களே. கட்டினவளை நட்டாத்துல விட்டுட்டு ஓடிட்டீங்களே."

"இன்னா மர்சி பண்றது? சீடர் ராயப்பரே ஆண்டவர் ஏசுவைத் தெரியாதுன்னு சொன்னவர்தானே. அவரே மூணு தடவை சொன்னார். நான் ஒரு தடவைதான் சொன்னேன்."

"ராயப்பர் போய் மனங்கசந்து அழுதார். நீங்க முனையில கரும்புச் சாறு குடிச்சிக்கிட்டு நின்னீங்க."

லியோனார்டுக்கு அதற்கு மேல் வேதாகமம் தெரியவில்லை. ஜொவிட்டா தண்ணீர் குடிக்கப் போனவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மூணு தடவை. வீட்டில் வேலை, எனக்குத் தெரியாது, அவங்க போய்க்குவாங்க.

"உங்க பொண்ணைப் பாருங்க," என்றாள் மர்சலின். "கடை மொத்தமும் திரும்பிப் பார்க்குது, கொஞ்சம்கூட அசரல. தெரியாதுன்னா தெரியாதுதான். இவ்வளவு நாள் சொல்லிக் குடுத்ததுக்கு இவ ஒருத்தி இருக்கா." மகளின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள்.

ஜொவிட்டாவுக்கு அந்தக் கை பட்ட இடம் எரிந்தது.

"அந்தம்மா பேரைக் கேக்காம வந்துட்டேன் பாரு. நாளைக்குப் பூசையில அவங்களுக்காக வேண்டிக்கச் சொல்லி ஒரு கருத்து வைக்கணும். உன் பக்கத்துலதானே நின்னாங்க, யாருன்னு கேட்டியா?"

"இல்லம்மா."

இது நாலாவது. ராயப்பரைத் தாண்டியாகிவிட்டது.

அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்தாள், எழுந்தாள். திரைச்சீலையை மாற்றுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி, பாதியில் இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை, மணல் சுட்டது. ஸ்டீவுக்குப் போன் போட்டாள். அவனுக்கு ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் சனிக்கிழமையும் வேலை. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டீவ் முதலில் சிரித்தான். மூச்சு வாங்கச் சிரித்தான்.

"சிரிக்காதடா."

"சரி, சரி. உங்கம்மாவை நாளைக்குக் கண்ணாடி போடச் சொல்லு. கொண்டையை மாத்தச் சொல்லு."

"உங்கம்மாவுக்கு அடையாளம் தெரியாம போயிடுமா?"

மெஷின் சத்தம் நின்றது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும். குரலில் சிரிப்பு இல்லை.

"தெரியும் ஜோ. வார்டுல பார்த்த பேஷன்ட்டை இருபது வருஷம் கழிச்சு பஸ்ல பார்த்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க எங்கம்மா. கூப்பன் விஷயமெல்லாம் அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. அவங்களே காய்கறிக்காரன்கிட்ட கொத்தமல்லிக்குச் சண்டை போடறவங்க. ஆனா..."

"ஆனா?"

"உன்னைப் பத்திப் பெருமையா பேசிட்டாங்க இல்ல, எல்லார் முன்னாடியும். பொய் சொல்ற அவசியம் இதுக்கு இல்லன்னு. அதுதான் இடிக்குது."

"நான் என்ன பண்ணட்டும்?"

"நான் வேணா சொல்லிப் பார்க்கவா?"

"வேணாம்," என்றாள். ஏன் வேண்டாம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. பேச்சை முடித்துவிட்டு அலை பக்கம் கொஞ்ச தூரம் நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு இலையில் சோறு போடப் போகிறவளையே எங்கே கொண்டுபோய் மறைப்பது?

அவள் திரும்பி வந்தபோது மர்சலின் சமையலறையில் முந்திரியை உடைத்துக்கொண்டிருந்தாள். லியோனார்ட், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி போன? இந்தத் தட்டை எடு. நாளைக்கு அவங்களுக்கு..."

"அம்மா, கூப்பன் குடுத்தாங்களே, அவங்கதான் ஸ்டீவோட அம்மா."

மர்சலின் கையிலிருந்த முந்திரியை வாயில் போடப் போனவள், போடாமல் தட்டிலேயே வைத்தாள். முகம் முதலில் மலர்ந்தது. அதுதான் ஜொவிட்டாவால் பார்க்க முடியாமல் போனது. அந்த நல்ல மனுஷியா என் மகளுக்கு மாமியார் என்று அந்த முகம் முழுக்கச் சந்தோஷம். பிறகு மெல்ல, ஒவ்வொன்றாகப் புரிந்தது.

"அப்ப உன் பக்கத்துல நின்னது..."

"அவங்கதான்."

"அவங்க உன் கையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்போதா என்னைத் தெரியாதுன்ன?"

லியோனார்ட் வெங்காயத்தை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூப்பனுக்காகத்தானே சொன்ன?" என்றாள் மர்சலின். கேள்வி மாதிரி இல்லை. யாசகம் மாதிரி இருந்தது. "நம்ம சட்டம்னுதான் அப்படிச் சொன்ன. கூப்பனுக்காகன்னு சொல்லேன்டி."

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அம்மா நம்பிவிடுவாள்; நம்பத் தயாராகக் காத்திருக்கிறாள்.

"கூப்பனுக்காக இல்லம்மா. எனக்கு வெட்கமா இருந்துச்சு."

மர்சலின் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கூப்பனுக்காக ஒருநாளும் அவமானப்படாதவளுக்கு இப்போது கழுத்து வரை சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ மளிகை லிஸ்ட் சொல்கிற குரலில் பேசினாள்.

"நாளைக்குக் காலையில சமைச்சு வச்சுட்டு நான் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போயிடறேன். அம்மாவுக்கு ஒரு வேண்டுதல், போயிருக்காங்கன்னு சொல்லு. உங்க டாடி பேசட்டும், அவர் மூஞ்சியை அவங்க பார்க்கறதுக்குள்ளதான் ஓடிட்டாரே. ஓடாம இருந்தா நல்லாத்தான் பேசுவார்."

"மர்சி," என்றார் லியோனார்ட்.

"நீங்க சும்மா இருங்க. கல்யாணத்துக்குள்ள எப்படியாவது சமாளிச்சுக்கலாம். கடையில தெரியாதுன்னு சொன்னவளை வீட்டுல காட்ட முடியுமா? அவ வாழ்க்கை இது."

ஜொவிட்டா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே போனை எடுத்தாள். "என்னடி பண்ற?" என்று மர்சலின் கையைப் பிடிக்க வருவதற்குள் லிண்டாவின் நம்பரைத் தட்டிவிட்டாள். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"சொல்லும்மா ஜொவிட்டா."

"ஆண்ட்டி, இன்னிக்குக் கடையில ஒருத்தங்களுக்குக் கூப்பன் குடுத்தீங்களே."

"ஆமா."

"அது எங்கம்மா."

லியோனார்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நீ அவங்களைத் தெரியாதுன்ன," என்றார் லிண்டா.

"ஆமா ஆண்ட்டி."

"அவங்க நெய்யை எடுத்து வெளிய வச்சாங்க. நீ பார்த்துக்கிட்டு நின்ன."

"ஆமா."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கரை அணைச்சுட்டுப் போனை அவங்ககிட்ட குடு."

மர்சலின் இரண்டு கைகளையும் ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"வணக்கங்க. மர்சலின் பேசறேன். அவ மேல தப்பில்லைங்க. நான்தான் சொல்லி வச்சிருக்கேன், கடைக்குள்ள போனா உறவு கிடையாதுன்னு. சின்ன வயசுலேர்ந்தே அப்படி வளர்த்துட்டேன். புள்ளை சொன்னபடி கேட்டுச்சு, அவ்வளவுதாங்க. கூப்பனுக்கு நான்தான் பேராசைப்பட்டேன்..."

அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மர்சலின் நிறுத்தினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக் கண்ணாடியில் அவள் முதுகு தெரிந்தது. காலையில் கடையில் பார்த்த அதே முதுகு என்று ஜொவிட்டாவுக்குத் தோன்றியது. மர்சலின் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தரம் தலையாட்டினாள். ஒரு தரம் கண்ணைத் துடைத்தாள். அழுகையா, காற்றில் வந்த மணலா, உள்ளேயிருந்து சொல்ல முடியவில்லை. லியோனார்ட் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்றார் லியோனார்ட்.

மர்சலின் போனை மகள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றாங்களாம்."

ஜொவிட்டாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பொண்ணு பார்க்க இல்லையாம். அதைப் பத்தி இன்னும் யோசிக்கணும்னுட்டாங்க," என்றாள் மர்சலின். "என்னைப் பார்க்கத்தான் வர்றாங்களாம்."